தலசீமியா பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும், பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

மே 8 உலகத் தலசீமியா நாள், அக்டோபர் 1 ரத்ததான முகாம் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. இடம் தந்த மண்டபத்தாருக்கு நன்றி. செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டது, ஏற்றும் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களை வடிகட்டும் ஃபில்டர் விஷயம்தான்.

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குப் பல் கிடுகிடுத்து, காய்ச்சல் அடித்து, நர்ஸம்மா ஓடிவந்து பையை நிறுத்துவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். நமக்கு வேண்டியது சிவப்பணு. கூடவே வரும் கொடையாளியின் வெள்ளையணுக்கள்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லைக்குக் காரணம். ஒரு பையில் நூறு கோடி அளவுக்கு அவை இருக்கும். நல்ல ஃபில்டரில் இறக்கினால் 50 லட்சத்துக்கும் கீழே போய்விடும். வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்து வரும் சிஎம்வி (சைட்டோமெகலோ) வைரஸ் தொற்றும் வாய்ப்பும் குறையும். மாட்டிலிருந்து மனிதருக்கு வந்த மூளை நோய் ரத்தம் வழியாகவும் பரவுமோ என்று பயந்து, பிரிட்டன் 1999லேயே எல்லாப் பைகளையும் வடிகட்டத் தொடங்கிவிட்டது. இங்கே தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் 2016 வழிகாட்டுதல் நம் பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரையோடு சரி.

கட்டிலருகே மாட்டும் ஃபில்டர் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் நாட்களிலேயே வெள்ளையணுக்கள் காய்ச்சல் தரும் பொருட்களைக் கசியவிடுகின்றன; அவற்றை ஃபில்டர் பிடிக்காது. எனவே ரத்த வங்கியிலேயே, சேமிக்கும் முன் வடிகட்ட வேண்டும் என மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஃபில்டர் இருக்கிறதே என்று தாய்மாமன், சித்தப்பா ரத்தத்தைப் பிள்ளைக்கு ஏற்றச் சொல்லாதீர்கள். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளையணுவைப் பிள்ளையின் உடம்பு அந்நியமென்று அறியாமல் விட்டுவிடலாம். அது உள்ளே தங்கிப் பெருகித் தாக்கினால் பிழைப்பது அரிது. வடிகட்டிய பிறகும் மிச்சமிருக்கும் கொஞ்சமே அதற்குப் போதும். வெள்ளையணு பெருக முடியாதபடி கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் இதற்குப் பாதுகாப்பு. மாமா தாராளமாக முகாமுக்கு வரட்டும், ஊரான் பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

வங்கியில் வடிகட்டும் வசதி வரும்வரை, வாங்க முடியாத குடும்பங்களுக்குக் கட்டிலருகே மாட்டும் ஃபில்டரையாவது சங்கம் வாங்கித் தரும். அதற்கெனத் தனி நிதி தொடங்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்