தொட்டியில் ஊறாத கல்

சேசு மரி சூசை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலி பழையபடிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு. இந்த மாதப் பணம் 19-ஆம் தேதி வந்து சேர்ந்தது. வழக்கமாக 2-ஆம் தேதி வருமே என்று குறையாகச் சொல்லவில்லை. வந்துவிட்டது என்று தெரிவிக்கவே எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நாம் பேசும் பேச்சு, ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர உன்னிடமிருந்து வேறு சொல் வருவதில்லை. வேலை அதிகம் என்றாய். இருக்கட்டும்.

உன்னைப் பற்றி இங்கே யார் விசாரித்தாலும் நான் நிமிர்ந்து நின்றுதான் பதில் சொல்கிறேன். சாயக் கறை போகாத இந்தக் கைகளின் வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நீ. ஆனாலும் பெரிய வெள்ளிக்கு நீ வராதது எனக்கு வருத்தம்தான். பஸ் கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை உன் அம்மா நம்பினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் அதிக நேரம் கண் விழிக்காதே.

அன்று வழக்கம்போல யோவான் எழுதிய இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. குளிருக்கு மூட்டிய கரி நெருப்பருகே நின்றுகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீடர் பேதுரு மறுக்கிற இடத்தில், இந்த முறை என் மனம் அங்கேயே தங்கிவிட்டது. அதே யோவான் தம் கடைசி அதிகாரத்தில் இன்னொரு கரி நெருப்பையும் காட்டுகிறார். திபேரியாக் கடற்கரையில் அந்த நெருப்பின் மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. சீடர்களைச் சாப்பிட அழைப்பவர் உயிர்த்த ஆண்டவர். பேதுருவின் பசியை ஆற்றிய பிறகுதான் அவரிடம் அந்தப் பேச்சையே தொடங்குகிறார். மூன்று முறை கேட்கிறார். ஆனால் ஏன் மறுத்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை, என்மேல் அன்பு இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறார். உமக்காக உயிரையும் கொடுப்பேன் என்று முன்பு சொன்ன அந்த மனிதர், இப்போது மனம் வருந்தி, உமக்கு எல்லாம் தெரியுமே, என் அன்பும் தெரியுமே என்று மட்டும் சொல்கிறார். ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தது, அப்படித் தம் நிலையை அறிந்து நின்ற அவரிடம்தான்.

இதை உனக்கு அறிவுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பெரிய வீட்டின் தரைக்கு நான் பூப்போட்ட சிமெண்டுக் கல் செய்து கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து எத்தனை அழகாகச் சாயம் ஊற்றினாலும், கல் தொட்டித் தண்ணீரில் போதிய நாள் ஊறாவிட்டால் அந்தப் பூ நிலைக்காது. சிமெண்டு தண்ணீர் குடித்துத்தான் இறுகும். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால், முன்னதாகவே நான் கற்களை வெளியே எடுத்துவிட்டேன். சில மாதங்களில் பூவெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டறைக்காரர் கேட்டபோது, கலவை போட்ட பையன் சிமெண்டைக் குறைத்துவிட்டான் என்று சொன்னேன். அன்றே அவனை நிறுத்திவிட்டார்கள். நீ சின்னண்ணன் என்று அழைத்தாயே, உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டானே, அவன்தான். அவன் ஏன் வருவதில்லை என்று நீ எத்தனையோ நாள் கேட்டாய். ஊருக்குப் போய்விட்டான் என்றேன்.

அதற்குப் பிறகு சாமியாரிடம் எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்திருப்பேன்! கோபம், பொறாமை என்று சொல்லச் சுலபமானவற்றைச் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. 1693-இல் புனித அருளானந்தர் வேதத்துக்காகத் தலை கொடுத்த ஓரியூருக்கு ஆண்டுதோறும் போய், அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, உன் வேலைக்காக வேண்டினேன். பஸ் திருவாடானையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன், ஏனெனில் அவன் அங்கேதான் கொத்து வேலை பார்க்கிறான். என் வேலையில் குறையே கிடையாது என்று ஊரும் நீயும் நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தேன். குறையே இல்லாத தகப்பனுக்கு முன்னால் எந்த மகனால் வாய் திறக்க முடியும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இந்தத் தவக்காலத்தில் அதைச் சொன்னேன். அவனிடம் சொன்னீர்களா என்று மட்டும் சாமியார் கேட்டார். வரும் சனிக்கிழமை திருவாடானைக்குப் போகிறேன். அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. உன் அம்மாவிடம் நேற்றிரவு சொல்லிவிட்டேன். அவள் வெகுநேரம் பேசவில்லை, பிறகு அவன் வீட்டுக்குக் கொடுக்க முறுக்குச் சுட்டுத் தருகிறேன் என்றாள்.

அடுத்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். இங்கே போதிய அளவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்குப் பூசை முடிந்து வந்துவிடுவேன், போனை என் கையிலேயே வைத்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா