சோல்டர் லேபிளில் 183 என்று இருப்பது அச்சுப்பிழை இல்லை

வணக்கம்.

63/37 சோல்டர், அதாவது 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் கலந்த பற்றாசு, வாங்கும் பலரும் கேட்கிறீர்கள்: வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல், அப்படியென்றால் இரண்டையும் கலந்தது நடுவில் எங்கேயோ தானே உருக வேண்டும், லேபிளில் எப்படி 183? அந்த எண் சரிதான்.

உருகிய நிலையில் இரண்டு உலோகமும் தாராளமாகக் கலந்து கிடக்கும். உறைய வேண்டுமென்றால் வெள்ளீயம் தன் படிகத்தைத் தனியாகக் கட்ட வேண்டும், அதில் காரீயத்துக்கு அதிக இடமில்லை. காரீயத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இப்படிப் பிரிவது கடினம் என்பதால் கலவை இன்னும் குளிரும்வரை திரவமாகவே இருந்துவிடுகிறது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் சுழியத்துக்குக் கீழேயும் உருகுவது இதனால்தான். ஒன்றின் உறைநிலையை மற்றது இறக்கிக்கொண்டே போக, இரண்டு சரிவும் சந்திக்கும் இடம் வெள்ளீயம் ஏறக்குறைய 62 சதவீதம் இருக்கும்போது வருகிறது. 63/37 அதை ஒட்டிய கலவை.

60/40-உம் 183-இல்தான் இளகத் தொடங்கும், ஆனால் முழுக்கத் திரவமாக 190 பக்கம் போக வேண்டும். இடைப்பட்ட டிகிரிகளில் அது கூழ் மாதிரி இருக்கும். ஆறும்போது அந்த நேரம் பார்த்துக் கம்பி லேசாக அசைந்தாலும் போதும், மேற்பரப்பு மங்கி, உள்ளே விரிசல் விட்டு, பிறகு எப்போதோ டிரை சோல்டர் (சரியாகப் பிடிக்காத இணைப்பு) என்று தேட வேண்டியிருக்கும். 63/37 சட்டென்று உறைந்துவிடும். நெருக்கமான கால்கள் உள்ள ஐசிக்கு அதையே வாங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். தடித்த வயருக்கு 60/40 தாராளமாகப் போதும்.

அப்புறம், பிஸ்மத் சோல்டர். 42 வெள்ளீயம், 58 பிஸ்மத், 138 டிகிரியிலேயே உருகும். சூடு தாங்காத பாகங்களுக்கு அருமையானது. ஆனால் காரீய சோல்டர் இருக்கும் பழைய போர்டின் மேல் இதை வைக்கவே வைக்காதீர்கள். மூன்று உலோகமும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உள்ளே உருவாகலாம், அதாவது கொதிக்கும் தண்ணீரை விடக் குறைந்த சூடு. பவர் டிரான்சிஸ்டர் நன்றாகச் சூடானாலே ஜாயின்ட் விட்டுவிடும். பழைய சோல்டரை விக் (உருகிய சோல்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பிஸ்மத்தைத் தொட வேண்டும்.

போர்டில் ஏற்கெனவே இருப்பது எந்த சோல்டர் என்று தெரியாவிட்டால், காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.