புள்ளைக்கு ஊசி போடுற அன்னிக்கு தாயையும் ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கொருக்குப்பேட்டை. எங்க வீட்ல இப்ப எல்லாருக்கும் பிளாஸ்டிக் தட்டுலதான் சாப்பாடு. எவர்சில்வர் தட்டு டம்ளர் எல்லாத்தையும் எங்கம்மா மூட்ட கட்டி பரண்ல போட்டுட்டாங்க. தட்டு கீழ விழுந்து டங்குனு சத்தம் கேட்டா போதும், என் தங்கச்சி அப்படியே வெறச்சு போயிடுவா, கையெல்லாம் ஜில்லுனு ஆயிடும், பால் குடிக்கிற புள்ளைய டக்குனு பாய்ல வச்சுட்டு செவுத்தோட ஒட்டிக்குவா. லேபர் வார்டுல மயங்குறதுக்கு முன்னாடி அவ கடைசியா கேட்டது அந்த டிரே விழுந்த சத்தம்தானாம்.

பிரசவம் ஆகி ஒம்போது மாசம் ஆக போவுது. எந்த ஆஸ்பத்திரினு எழுதல, நான் சண்டைக்கு வரல, உசுர காப்பாத்துனதும் அவங்கதான். ஆயுதம் போட்டு எடுத்தாங்க, அப்புறம் ரத்தம் நிக்கல, நாலு பாட்டில் ஏத்துனாங்க. பிரசவத்தப்போ கூட ஒரு பொம்பள ஆள் இருக்கலாம்னு நம்ம தமிழ்நாட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரில 2004லயே கொண்டு வந்தாச்சு, அம்மாவும் கூடதான் இருந்தாங்க, ஆனா ரத்தம் போக ஆரம்பிச்சதும் வெளிய அனுப்பிட்டாங்க. அவசரம், புரியுது. ஆனா அதுக்கப்புறம் என்ன நடக்குதுனு அவகிட்ட யாரும் எதுவும் சொல்லல, 'கத்தாத'னு மட்டும் சொன்னாங்களாம், அந்த ஒரு சொல்லு இன்னும் அவ காதுலயே இருக்கு.

வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க பேச்சு வேற. 'புள்ளயும் நல்லாருக்கு நீயும் பொழச்சு வந்துட்ட, அப்புறம் எதுக்குடி மூஞ்ச தூக்கி வச்சுனு இருக்க'. பச்ச ஒடம்பு, காத்து கருப்பு பட்டுருக்கும்னு தர்காவுல மந்திரிச்சு கயிறு கட்டுனோம், நான்தான் கூட்டினு போனேன், பொய் சொல்லல. காசிமேட்டுல விடிய காத்தால போயி பால் சுறா வாங்கினு வந்து புட்டு செஞ்சு குடுத்தோம், பால் நல்லா ஊறுச்சு, தூக்கம்தான் வரல. கண்ண மூடுனா அந்த லேபர் வார்டு லைட்டு தெரியுதுனு சொல்லுவா. அந்த ஆஸ்பத்திரி இருக்குற ரோட்டு பக்கமே போக மாட்டா, ஷேர் ஆட்டோ அந்த வழியா போனா எறங்கி சுத்தி நடந்து வருவா, கைல புள்ளயோட.

ஒரு நாள் ராத்திரி பயந்து போயி 14416க்கு போன் போட்டேன், டெலி மானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது. தமிழ்லயே பொறுமையா பேசுனாங்க. சுனாமியில மாட்டுனவங்களுக்கு, ஆக்சிடன்ட்ல தப்பிச்சவங்களுக்கு மனசுல வர நோவு மாதிரிதான் பிரசவத்துல பயந்து போனவங்களுக்கும் வரும்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பிடிஎஸ்டினு பேரு. டிப்ரஷன் வேற இது வேற, ரெண்டும் சேந்தும் வரலாம். இதுக்குனு தெரிஞ்ச ஆளுகிட்ட வாரா வாரம் பேசுற வைத்தியம் இருக்கு, கொறையும்.

மனநல டாக்டர்கிட்ட காட்டுங்கனு சொன்னாங்க. எங்க ஏரியாவுல 'கீழ்ப்பாக்கம்'னு ஒரு வார்த்தை சொன்னா கல்யாணமே நின்னு போற கதை உங்களுக்கு தெரியாதா. அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க, 1794லயே ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அது, ஆனா என் மச்சான் 'புள்ளைய புடுங்கிக்குவாங்க'னு ஒத்த கால்ல நிக்கிறாரு. 2017 மனநல சட்டத்துலயே மூணு வயசுக்கு கீழ இருக்குற புள்ளைய சாதாரணமா தாய்கிட்டேந்து பிரிக்க கூடாதுனு இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில தாயும் புள்ளையும் சேந்தே தங்கி வைத்தியம் பாக்குற வார்டு 2009லேந்து ஓடுது. இங்கிலாந்துல பிரசவம் பாக்குற மிட்வைஃபும் மனநல சைக்காலஜிஸ்ட்டும் சேந்தே இந்த மாதிரி தாய்ங்கள பாக்குறாங்க. கொருக்குப்பேட்டைலேந்து கைக்கொழந்தைய தூக்கினு பெங்களூரு போக முடியுமா சொல்லுங்க.

நான் கேக்குறது பெருசு ஒன்னும் இல்ல. ஒன்ற மாசம், ரெண்டற மாசம், மூன்ற மாசம்னு புள்ளைக்கு ஊசி போட எல்லா தாயும் ஹெல்த் சென்டருக்கு வந்துதான் ஆகணும். என் தங்கச்சியும் மூணு தடவ போனா. எடை பாத்தாங்க, கார்டுல எழுதுனாங்க, காய்ச்சலுக்கு சொட்டு மருந்து குடுத்தாங்க, அவள நிமிந்து பாக்கல. புள்ள பெத்தவங்களுக்கு டிப்ரஷன் இருக்கானு பாக்க எடின்பரோனு பத்து கேள்வி இருக்கு, 1987லயே வந்தது, தமிழ்லயும் இருக்கு, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அதுலயும் பிரசவம் உனக்கு எப்டி இருந்துச்சுனு ஒரு கேள்வி கெடையாது, அத நர்ஸம்மாவே வாயால கேட்டா போதும். கேட்டுட்டு அனுப்ப ஒரு எடம் வேணும், அது தண்டையார்பேட்டையோ மின்ட்டோ நடந்து போற தூரத்துல, வெளிய போர்டுல மனநலம்னு கொட்ட எழுத்துல எழுதாம, தாய்சேய் வார்டுக்குள்ளயே வாரத்துல ஒரு நாள் இருந்தா எங்க மாமியாருங்க கூட அனுப்புவாங்க.

அடுத்த வாரம் ஒம்போதாவது மாச ஊசி. இந்த தடவ நானும் கூட போறேன், யாரும் கேக்கலன்னா நானே சொல்லிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கொருக்குப்பேட்டை