பெங்களூருவில் துறைத்தலைவர்களாக இருக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார், மேடம் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பெரிய பொறுப்புகளில் தமிழர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் ஒரு துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றுச்சூழல் பற்றி எங்களுக்கு அடிக்கடி சுற்றறிக்கை வருகிறது. ஜூன் 5 அன்று மரக்கன்று நடுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். அப்புறம் எல்லாம் பழையபடிதான். ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று கூட்டங்களில் பேச்சு அடிபடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களை மீறி எதையும் செய்ய எங்களுக்குத் தயக்கம், அதுதான் விஷயம்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். மேசையில் ஆளுக்கொரு சின்னத் தண்ணீர் பாட்டில். இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு பாட்டில்களைப் பையில் திணிப்பது அட்டெண்டர் வேலை. எவர்சில்வர் ஜக்கும் டம்ளர்களும் அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. 'விருந்தாளி முன்னால் இப்படியா?' என்று நீங்கள் கேட்டுவிட்டால்? நீங்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் பாட்டில் வேண்டாம் என்றும் சொன்னதில்லையே.

ஏசியும் அப்படித்தான். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் வகுப்புக்குப் போயிருக்கும்போது, உங்கள் அறையில் 18-இல் ஓடும் ஏசியை அணைக்க எந்த கிளார்க் துணிவார்?

உங்கள் சொல்லுக்கு இருக்கும் பலத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியிலிருந்து, கட்டம் கட்டமாகப் பம்ப் செய்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. எங்கள் மாடிக் கழிவறையில் ஒரு குழாய் அப்போது ஒழுகிக்கொண்டே இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த புகார்கள் கிடப்பில் கிடந்தன. ஒரு பேராசிரியை போனை எடுத்துப் பேசினார். அன்று மாலையே பிளம்பர் வந்தார்.

குப்பை விஷயத்தில் மட்டும் சொல்வது போதாது, நீங்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்ததற்குப் பை என்பது இந்த நகரத்தில் உயர் நீதிமன்றம் சொல்லி 2015-லேயே வந்துவிட்ட முறை. நாங்களும் பிரித்துத்தான் போடுகிறோம். கீழே எல்லாம் ஒரே மூட்டையாகி ஒரே வண்டியில் ஏறுகிறது. ஒருமுறை அதைப் பார்த்தவர் மறுநாள் எதற்காகப் பிரிப்பார்? துப்புரவுப் பணி செய்யும் அக்காவைக் குறை சொல்லாதீர்கள். அவருக்குக் கொடுத்திருப்பது ஒரே சாக்கு. ஒப்பந்தத்தில் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று எழுதச் சொல்வது உங்களால் முடியும், எங்களால் முடியாது.

அதனால் அடுத்த துறைக் கூட்டத்தில், 'இனி பாட்டில் வேண்டாம், ஜக் வையுங்கள். ஆள் இல்லாத அறையில் ஏசியை யார் வேண்டுமானாலும் அணைக்கலாம், என் அறை உட்பட' என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். அதைக் கூட்டக் குறிப்பிலும் ஏற்றிவிடுங்கள். நாளை துறைத்தலைவர் மாறினாலும் முறை மாறாது. டம்ளர் கழுவுவது அட்டெண்டருக்குக் கூடுதல் வேலை. அதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு துறை அலுவலக ஊழியர்,
பெங்களூரு