எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டெடுத்தவருக்கு

எங்கள் பாடசாலை மலருக்கான இந்த நன்றியுரையை மலர்க்குழுவின் சார்பில் எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். நேற்றிரவு கிளிநொச்சி பஸ்ஸில் வழிநெடுக அழுதுகொண்டு வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், இது என் மடலாகவே போகட்டும்.

பாடசாலை தொடங்கிய நாளைச் சொல்லியிருக்கக்கூடிய சம்பவத் திரட்டும் சேர்வு இடாப்பும் போரில் எப்படிப் போயின என்று எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் ஊரவர்களே, நீங்களும் அதே பாதையால் நடந்து வந்தவர்கள்தானே.

முதல் நன்றி, கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து வந்து தரும் அந்த ஊழியருக்கு. நாட்டில் அச்சாகும் பத்திரிகைகளின் பிரதிகள் சட்டப்படி அரசிடம் சேர வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவை அங்கேயாவது இருக்கும் என்று அதை நம்பித்தான் போனேன். பேனா கூடாது என்றார்கள். என்னிடம் பென்சில் இல்லை. அவர் தன் பென்சிலை இரண்டாக முறித்து, ஒரு பாதியைச் சீவித் தந்தார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஊர்ப் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொன்னார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதிரே இருந்து, எழுத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டுத் தேடத் தொடங்கினார். வன்னியில் 'குளம்' என்று முடியாத ஊர் எத்தனை? மாங்குளம் வந்தது, புளியங்குளம் வந்தது, கனகராயன்குளம் இரண்டு தடவை வந்தது. ஒவ்வொரு முறையும் “டீச்சர், மேகத?” (இதுவா?) என்று முகம் மலரக் கேட்பார். இல்லை என்று தலையசைக்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகைக் கட்டை என் பக்கம் மெதுவாகத் திருப்பினார். நான்கு வரிச் செய்தி. காட்டுமரம் தறித்து ஊரவர் கட்டிய ஓலைக் கொட்டிலில் பாடசாலை தொடங்கிய நாள், மாதம், ஆண்டு. மரம் தறித்தவர்களில் என் அப்பப்பாவின் பெயர். அதை நான் அச்சில் கண்டதே இல்லை.

ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸின் 1895 ஆம் ஆண்டு வன்னிக் கையேட்டை நகலெடுத்துத் தந்த ஓய்வுபெற்ற அதிபர், பழைய மலர்களைத் தேட வழிகாட்டிய, இணையத்தில் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ நிறுவனத்தார், இரவு தங்க இடம் தந்த வெள்ளவத்தை மாமி, என் வகுப்புகளைப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்கள், எல்லோருக்கும் நன்றி.

மலர் வந்ததும் அச்சகத்தார் சுவடிக்கூடத்துக்குப் பிரதி அனுப்புவார்கள். இருந்தாலும் ஒன்றை நானே கொண்டுபோவேன், ஒரு முழுப் பென்சிலோடு. உள்ளே இருப்பதை அவரால் வாசிக்க முடியாது. அட்டையில் இருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் அவருக்குத் தெரியும்.