அக்கா, அந்தப் பெட்டியை வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள அக்கா,

போனில் நீ கேட்டதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் படிக்காமலே விட்டுவிடுவாய், அது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் இங்கேயே எழுதுகிறேன். ஊரே படித்தாலும் பரவாயில்லை, இதே கேள்வியோடு நிறைய அக்காக்கள் இருக்கிறார்கள்.

ஏழாவது படிக்கிற மாப்பிள்ளைக்கு, டிவியில் மாட்டி ஆடுகிற பிளேஸ்டேஷன் பெட்டி வாங்கலாமா வேண்டாமா, இதுதானே கேள்வி? பின்னாலிருந்து மாமா "உன் தம்பிகிட்ட கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறான்" என்றதும் காதில் விழுந்தது. சொல்லலாம், சில ஆட்டங்களுக்கு வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் மாமா பயப்படுகிற ஆட்டம் வேறு, நான் பயப்படுகிற ஆட்டம் வேறு.

மாமாவுக்கு ஆன்லைன் கேம் என்றால் ரம்மி. மாமாவுக்கு மட்டுமா, போன கல்யாணத்தில் பெரியப்பா பந்தியில் வைத்து, பத்துப் பேர் கேட்கிற மாதிரி, "இதுவரைக்கும் எவ்வளவுடா விட்ட?" என்றார். நான் ஒரு ஆட்டத்தில் பூசணிக்காய் போட்டு, கோழி வளர்த்து, மழை நாளில் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அந்த இடத்தில் எப்படி விளக்குவது? ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே சட்டம், விளையாட்டுப் போட்டி மாதிரி ஆடுகிற இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கவும் செய்கிறது. சட்டத்துக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது, நம் சொந்தக்காரர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அதற்காக மாமா சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. இலவசம் என்று வருகிற மொபைல் ஆட்டங்களுக்குள்ளேயே ஒரு மூடிய பெட்டி விற்பார்கள். காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், நல்ல துப்பாக்கியோ சட்டையோ வரலாம், குப்பையும் வரலாம். பெல்ஜியத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018ல் முடிவு செய்தார்கள். பிளேஸ்டேஷனிலும் இந்தப் பெட்டி வைத்த ஆட்டங்கள் உண்டு, அதனால் எதை வாங்கினாலும் அந்தக் கணக்கில் உன் கார்டு நம்பரைச் சேமித்து வைக்காதே. மாமாவிடம் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி என்று சொல்.

இனி என் சொந்தப் புலம்பல்.

கோத்தகிரியில் உட்கார்ந்து ஆன்லைனில் துப்பாக்கி ஆட்டம் ஆடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று கோயம்புத்தூரில் இருக்கிற உனக்குப் புரியாது. ஆட்டத்தை நடத்துகிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள், இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, அப்படிப் பார்த்தால் நான் பட்டனை அழுத்திய செய்தி போய்வர 10 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு, போதும். காகிதத்தில்தான் அது. நிஜத்தில் 50, 60 காட்டினாலே நான் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு ஆரம்பிப்பேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அது 200, 300 என்று ஏறும், எங்கேயோ ஒரு சில்வர் ஓக் கேபிள் மேல் சாய்ந்திருக்கும், இல்லாவிட்டால் குரங்கு ஊஞ்சல் ஆடியிருக்கும். சரியென்று போன் டேட்டாவுக்கு மாறினால், சீசன் நேரத்தில் ஊரில் இருக்கிற அத்தனை டூரிஸ்டும் அதே டவரில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதனால் என்ன ஆகும் தெரியுமா? எதிரி வருகிறான், நான் பார்த்துவிட்டேன், சட்டென்று சுவருக்குப் பின்னால் ஒளிந்தும்விட்டேன், என் திரையில் முழுசாக மறைந்து நிற்கிறேன். அப்புறம் செத்துப்போகிறேன். சுவருக்குப் பின்னால் வைத்து! நான் நகர்ந்த செய்தி இன்னும் குன்னூர் தாண்டிப் போய்ச் சேரவில்லை, சர்வரைப் பொறுத்தவரை நான் இன்னும் நடுத்தெருவில்தான் நிற்கிறேன், அவன் சுட்டது நியாயமான குண்டுதான். நொடிக்கு 60 படம் ஓடுகிற திரையில் 200 மில்லிசெகண்ட் என்பது 12 படம், அவ்வளவு பழைய என்னை அவன் சுட்டுவிட்டான். கூட ஆடுகிற பெங்களூர்ப் பையன்கள் "அண்ணா தூங்கிட்டீங்களா" என்று மைக்கில் கேட்பார்கள். அவர்களிடம் போய்ச் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி என்ன சொல்வது?

எனக்கு இந்த வகை ஆட்டத்தில் பிடிக்காதது நெட் மட்டும் இல்லை. நிறுத்த முடியாது. நீ அடுக்களையிலிருந்து "சாப்பிட வாடா" என்று கூப்பிடுவாய், அவன் "ரெண்டே நிமிஷம்" என்பான், இருபது நிமிஷம் ஆகும், நீ போய் ஸ்விட்சை அணைப்பாய், வீடு ரெண்டுபடும். பையன் பொய் சொல்லவில்லை அக்கா. எதிரில் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் எழுந்து போனால் கூட ஆடுகிறவர்கள் தோற்பார்கள், அடிக்கடி எழுந்து போனால் கொஞ்ச நேரம் அடுத்த ஆட்டத்துக்கே விடமாட்டார்கள். அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் "இது எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேள், முடிந்ததும் தட்டைப் போடு. அவன் ஆடுகிற நேரத்தைவிட, அவனை எழுந்து போகவிடாத ஆட்டங்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

தனியாக ஆடுகிற ஆட்டத்திலும் கழுத்தறுப்பு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மேலே பூசணிக்காய் என்றேனே, அது ஸ்டார்டியூ வேலி, 2016ல் வந்தது, ஒரே ஒரு ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்தது. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிஷம். இரவு ஆட்டத்துக்குள் இருக்கிற பையன் கட்டிலில் போய்ப் படுத்தால்தான் அன்றைக்குச் செய்த வேலை எல்லாம் சேமிப்பாகும், நடுவில் சேமிக்க வழியே கிடையாது. கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பி இந்த ஆட்டம் ஆடிப் பார். ஆட்டத்துக்குள்ளும் மழை, ஜன்னலுக்கு வெளியேயும் மழை, வெகுநாளாகச் சிக்காத மீன் அப்போதுதான் தூண்டிலில் மாட்டியிருக்கும், டப். இருட்டு. மறுபடி கரண்ட் வந்து போட்டால் அதே காலை ஆறு மணி, அதே சேவல், மீன் பிடித்த ஆளே கிடையாது. கடைசியில் ஒரு யு.பி.எஸ். வாங்கினேன். ஆபீஸ் வேலைக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், உண்மையில் அது ஆட்டத்துக்குள் இருக்கிற ஒரு பையனை ஓடிப்போய்த் தூங்க வைக்க.

இவ்வளவு அவஸ்தைப்பட்டு ஏன் ஆடுகிறாய் என்று கேட்பாய். ஒன்று சொல்கிறேன்.

ஹாலோ நைட் என்று ஒரு ஆட்டம், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டம் 2017ல் வெளியிட்டது. பூமிக்கு அடியில் பூச்சிகளின் ராஜ்யம், நீ கையில் ஆணி வைத்திருக்கிற ஒரு குட்டிப் பூச்சி. அதில் கும்பிடுபூச்சிகளின் ஊர் ஒன்று வரும், அங்கே மூன்று தலைவிகள் உயரமான ஆசனங்களில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் ஒருத்தி மட்டும் இறங்கி வருவாள். தரையோடு தரையாகச் சீறி வருவாள், குதித்துத் தாண்ட வேண்டும். தலைக்கு நேர் மேலேயிருந்து குத்துவாள், நகர வேண்டும். பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்து திரும்பி வருகிற ஆயுதத்தை வீசுவாள். மூன்றே அடவுதான். ஆனால் கை பழகுகிற வரை ஒவ்வொன்றும் கொல்லும். அவளைத் தாண்டினால் மற்ற இருவரும் ஒன்றாக இறங்குவார்கள், அதே மூன்று அடவுதான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். ஒரு வாரம் போல ராத்திரியில் தோற்றுக்கொண்டே இருந்தேன், கனவில்கூட அந்தச் சீறல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ராத்திரி, என்ன மாறியது என்றே தெரியவில்லை, விரல் தானாகத் தாண்டியது, நான் பயப்படவே இல்லை, பார்த்தால் முடிந்துவிட்டது. மூன்று பேரும் எனக்குத் தலை வணங்கினார்கள். திரும்பிப் போகிற வழியில், அதுவரை என்னைக் கண்டாலே வெட்ட வந்த அந்த ஊர்ப் பூச்சிகள் எல்லாம் கையைத் தூக்காமல் வணங்கி நின்றன. ராத்திரி ஒன்றரை மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாகக் கைதட்டினேன். எனக்கு ஆபீஸில் யாரும் இப்படி வணங்கியதில்லை.

நீயும் ஆடியவள்தான், மறந்த மாதிரி நடிக்காதே. அந்தக் காலத்து டிவி கேம், மஞ்சள் கேசட், ஊதி ஊதிச் சொருகுவோமே, ரெண்டு பேர் சேர்ந்து ஆடுகிற காண்ட்ரா! மூன்றாவது கட்டத்தில் அருவி வரும், படம் மேல் நோக்கித்தான் நகரும், மேலே இருக்கிற ஆள் ஏறிவிட்டால் கீழே இருக்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். நீ ஒரு தடவைகூட எனக்காக நின்றதே இல்லை. குடுகுடுவென்று ஏறிவிடுவாய், நான் கீழே அழுதுகொண்டிருப்பேன். நானும் சும்மா இல்லை, என் உயிர் எல்லாம் தீர்ந்ததும் உன் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வேன், அந்த ஆட்டம் அதற்கு அனுமதித்தது. நீ என் முதுகில் குத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கேசட் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, போட்டால் ஓடும் என்றே நினைக்கிறேன். இப்போது வாங்குவதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. தி க்ரூ என்ற கார் ஆட்டம் 2014ல் வந்தது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக ஓட்டுவதற்கும் நெட் வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31ல் சர்வரை மூடினார்கள், வாங்கினவன் வீட்டில் வட்டு மட்டும் மிச்சம். இதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நான் ஐரோப்பாக்காரன் இல்லை, இருந்தால் ரெண்டு கையாலும் போட்டிருப்பேன்.

மாப்பிள்ளை இப்போது போனில் என்ன ஆடுகிறான் என்று பார்த்தாயா? போன லீவில் நான் பார்த்தேன். இந்தோனேசியா பஸ் ஆட்டம், அதில் நம் அரசுப் பேருந்தின் பெயின்டை யாரோ செய்து போட்டிருக்கிறார்கள், அதை இறக்கி வைத்திருக்கிறான். நாங்கள் நிஜமான அரசுப் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருக்கிறோம், வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனில் அதே கலர் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது, அவனுக்கு ஒன்றுமே இல்லை. இந்தப் பையனைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்று அன்றைக்கே தோன்றியது.

உனக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன், வெண்பா என்று ஒரு ஆட்டம், 2023ல் வந்தது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் குறிப்பு கிழிந்துபோயிருக்கிறது, இட்லி சரியாக வர என்ன செய்ய வேண்டும் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் பாஃப்டா விருது 2024ல் அதற்குக் கிடைத்தது. ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். மகன் அம்மாவிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிற இடத்தில் நீ அழுவாய், அப்போது மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே.

சரி, வாங்குகிற விஷயம். வட்டு போடுகிற மாடலாகவே வாங்கு, ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும், புது ஆட்டம் ஒன்றே ஐயாயிரம் போல வரும். வட்டாக இருந்தால் ஆடி முடித்து விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கோவையில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். வட்டு இல்லாத மாடலில், வட்டு போடுகிற பாகத்தைத் தனியாக வாங்கி மாட்டினால் தவிர, அந்த வழி கிடையாது. அவன் ரூமில் வைக்காதே, ஹாலில் வை. முதல் ஆட்டம் முடிவு உள்ளதாக, நடுவில் நிறுத்தக்கூடியதாக இருக்கட்டும், அதை நான் தேர்ந்தெடுக்கிறேன். கன்ட்ரோலரைத் தரையில் எறிய விடாதே. எறியாமலே ஒன்றிரண்டு வருஷத்தில் அதில் கட்டைவிரலால் அசைக்கிற குச்சிக்கு உள்ளே இருக்கிற பூச்சு தேய்ந்து, கையை எடுத்த பிறகும் ஆள் தானாக இடது பக்கம் நடந்து போய்ப் பள்ளத்தில் விழுவான். என்னுடையது இப்போது அப்படித்தான் நடக்கிறது, நான் வலது பக்கம் லேசாக அழுத்தியபடியே ஆடப் பழகிவிட்டேன்.

பெட்டியோடு ஒரு கன்ட்ரோலர்தான் வரும். ரெண்டாவது என் செலவு. கலர் மட்டும் அவனைக் கேட்டுச் சொல், மாமாவைக் கேட்காதே, அவர் கறுப்பு என்பார்.

அன்புடன்,
தம்பி