கத்திப்பிடிக்கு ஏற்ற கட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பகல் பொழுது நீண்டு கிடக்கிறது என்று நீ எழுதியிருந்த வரியிலேயே மனம் வெகுநேரம் நின்றது. அம்மா புழங்கிய காய் நறுக்கும் கத்தியின் பிடி பிளந்துவிட்டதென்றும், கொல்லையில் கிடக்கும் பழைய பேலட்டை (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டை) உடைத்து அதற்குப் புதுப் பிடி போட முடியுமா என்றும் கேட்டிருந்தாய். நிச்சயமாக முடியும். இரண்டு ஆண்டுகளாக நான் இதே வேலையில்தான் மூழ்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேலட்டில் இருக்கும் எல்லாக் கட்டையும் பிடிக்கு ஆகாது. எதை எடுப்பது, எதை ஒதுக்குவது என்பதில்தான் முக்கால் பங்கு வேலையும் இருக்கிறது.

முதலில் பேலட்டின் பக்கவாட்டில் சூட்டுக்கோலால் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார். நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பூச்சி புழுக்களைச் சுமந்து செல்லாதிருக்க, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி 2002இல் ஏற்கப்பட்டது. அதன்படி இடும் முத்திரையில் ஒரு கோதுமைக் கதிரின் உருவமும், அதன் பக்கத்தில் நாட்டின் குறியீடும், மரத்துக்குச் செய்த பதனத்தின் குறியீடும் இருக்கும். ஹெச்.டி. என்றிருந்தால், கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் அந்த வெப்பத்திலேயே வைக்கப்பட்டது என்று பொருள். அதை அஞ்சாமல் எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. சமையலறையில் நாள்தோறும் கையில் பிடிக்கும் பொருளுக்கு அதை நான் தொடுவதே இல்லை. முத்திரை பூச்சியைப் பற்றி மட்டுமே பேசும், அந்தப் பேலட்டின் மேல் பின்னாளில் என்ன கொட்டியது என்பதை அது சொல்லாது. ஆகவே எண்ணெய்க் கறையோ, மருந்து நெடியோ இருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடு. முழுவதும் நீலமோ சிவப்போ பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் உடைமை என்பதால் அவற்றை உடைப்பது முறையன்று.

அடுத்தது மரத்தின் உறுதி. பேலட்டுகளில் பெரும்பாலானவை பைன் போன்ற மென்மரங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் மரம் பிடியாக நெடுநாள் தாங்காது. மேல் பலகைகளைவிட, சுமையைத் தாங்கும் அடிச்சட்டங்களில் நல்ல கட்டை அகப்படுவதுண்டு. ஒருமுறை அழுக்கேறிய சாம்பல் நிறச் சட்டம் ஒன்றை இழைத்தபோது, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே வைரம் பாய்ந்த ஓக் மரம் தெரிந்தது. அன்று எனக்கு இரவு உணவுகூட நினைவுக்கு வரவில்லை. அதில் ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலங்கலந்த கரிய நிழல் ஒன்று மரத்தின் ரேகையோடு நீண்டிருந்தது. ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு இரும்பைச் சந்திக்கும்போது இப்படி மையாக மாறுகிறது. அது அழுகல் இல்லை என்பதால் அந்தக் கறையைப் பிடியின் நடுவில் வருமாறே அமைத்தேன்.

ஆணிகளைப் பிடுங்க முயன்று பலகையைப் பிளந்துவிடாதே. அவை பெரும்பாலும் முறுக்கு ஆணிகள். மரத்தை இறுகக் கவ்வியிருக்கும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே இரும்பறுக்கும் ரம்பத்தைச் செலுத்தி ஆணியை அறுத்துவிடு. இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பார்த்தால், உள்ளே தங்கிய துண்டுகள் தெரிந்துவிடும்.

இனி நான் செய்த பெரும் பிழையைச் சொல்கிறேன். மழையில் நனைந்து கிடந்த பலகையை ஒரு வாரம் மட்டும் உலர்த்திவிட்டு, என் முதல் பிடியைச் செய்து மகளுக்குக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் மரம் சுருங்கி, எஃகின் விளிம்பு பிடியைச் சுற்றிலும் மெல்லிய வரம்பாகத் துருத்திக்கொண்டு நின்றது; பார்த்தால் தெரியாது, விரலால் வருடினால் அறுக்கும். அவள் குறை எதுவும் சொல்லாமல் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறாள் என்று அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. பச்சை மரம் முழுவதும் காயும்போது நீளவாட்டில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவே சுருங்கினாலும், குறுக்குவாட்டில் பல மரங்கள் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை சுருங்கிவிடும். அதனால் இப்போது கட்டையை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, நிழலில் அடுக்கி, வாரந்தோறும் நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவைக்கிறேன். தொடர்ந்து சில வாரங்கள் எடை மாறாமலிருந்தால்தான் உளியை எடுப்பேன்.

செய்முறை உனக்குக் கடினமாக இராது. ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். கணு உள்ள இடம் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு போதும். துளைகளைத் தனியே அளந்து போடாமல், கத்தியின் வால்தகட்டையே (பிடிக்குள் செல்லும் எஃகுப் பகுதியையே) மரத்தின் மேல் இறுக்கி வைத்து, அதில் உள்ள துளைகளின் வழியாகவே துளையிட்டால் இரு துண்டுகளையும் தகட்டோடு பிணைக்கும் பித்தளைக் கம்பி தடையின்றிப் புகும். அலகை ஒட்டி வரும் முன்விளிம்பை, ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிடு. ஒட்டிய பிறகு அங்கே தேய்த்தால் அலகில் கீறல் விழும். எஃகை முரட்டு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசையைப் பூசு. துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை மிகையாக முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஒரு நாள் முழுவதும் அசைக்காதே. தேய்க்கும்போது கம்பி கை பொறுக்காத சூடேறினால் உள்ளிருக்கும் பசை இளகக்கூடும் என்பதால், இடையிடையே நிறுத்தி ஆறவிடு. அலகை முதலிலிருந்தே துணியும் டேப்பும் சுற்றி மூடிவை. மரத்தூள் மூக்கில் ஏறாதபடி முகக்கவசம் அணிந்துகொள். உன் இருமலை நான் மறக்கவில்லை.

இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து எஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த பூச்சுக்கு முந்தைய பூச்சு நன்றாக உலரட்டும். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதே. அது உலரும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துத் தனியே வெளியில் காயவிடு, அல்லது தண்ணீரில் முக்கிவை.

அந்த ஓக் சட்டத்தில் ஒரு பிடிக்கான இரண்டு துண்டுகள் மீதமிருக்கின்றன. நான்கு வாரங்களாக எடை மாறவில்லை. அம்மாவின் கத்திக்கு அவற்றையே தர விரும்புகிறேன். பழைய பிடியைக் கழற்றியதும் வால்தகட்டை ஒரு தாளில் வைத்து வரைந்து, துளைகளின் நடுப்புள்ளிகளையும் குறித்து அனுப்பு. பிளந்த பிடியையும் எறிந்துவிடாதே. அம்மாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அதில் இருக்கும், அதே இடத்தில் புதுப் பிடியிலும் அரத்தால் ஒரு சரிவு எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்